30 ஆம்பியர் டிராவல் டிரெய்லருக்கு எந்த இன்வெர்ட்டர், அதை எப்படிப் பொருத்துவது?

டெக்சஸில் வசிக்கும் நீங்கள் 26 அடி நீளமுள்ள பழைய டிராவல் டிரெய்லர் (டிரக்கில் மாட்டி இழுத்துச் செல்லும் நகரும் வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதில் முகாமின் வெளி மின்சாரத்தைப் பெறும் 30 ஆம்பியர் ஷோர் பவர் இணைப்பும், முன்புற இரும்புச் சட்டத்தின் மேல் குரூப் 27 என்னும் அளவுள்ள இரண்டு லெட் ஆசிட் பேட்டரிகளும் இருக்கின்றன. மின்னிணைப்பு இல்லாத முகாம்களில் தங்கும்போது மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், மிக்ஸி, காபி மெஷின், இரண்டு லேப்டாப், முடிந்தால் ஏசி ஆகியவற்றை ஓட்ட வேண்டும் என்கிறீர்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட் வீட்டு மின்சாரமாக மாற்ற, கடையில் 3000 வாட் இன்வெர்ட்டரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது சரியான அளவுதானா, அதை நீங்களே பொருத்திவிட முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 3000 வாட் தேவையில்லை. சார்ஜரும், வெளி மின்சாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ரிலேயும் உள்ளே அமைந்த 2000 வாட் பியூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் போதும். ஆனால் இப்போதுள்ள இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டு அந்த 2000 வாட்டையும் வாங்காதீர்கள். ஏசியை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பொருத்தும் வேலையில் 12 வோல்ட் பக்கத்தைப் பொறுமையும் சரியான கருவிகளும் இருந்தால் நீங்களே செய்யலாம். 120 வோல்ட் பக்கத்தை, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலுக்கும் பாதுகாப்பு ஒயரான கிரவுண்டுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெளிவாகப் புரியாத பட்சத்தில், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலானவர்கள் இன்வெர்ட்டரின் பெட்டியில் அச்சிடப்பட்ட வாட் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே ஓடப்போகும் மின்னோட்டம். 120 வோல்ட்டில் 2000 வாட் என்பது 17 ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண வீட்டு ஒயர் அதைத் தாங்கும். அதே 2000 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் 167 ஆம்பியர் ஆகிறது. இன்வெர்ட்டர் தனக்குள் இழக்கும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் 185 ஆம்பியர். சுமை ஏறும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்கு இறங்கினால் 200 ஆம்பியரைத் தொட்டுவிடும். வாட்டைப் பத்தால் வகுத்தால் ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட் அமைப்பில் அதிகம் தவறாது. அந்தக் கணக்கின்படி 3000 வாட்டுக்கு 300 ஆம்பியர் ஆகிறது; வெல்டிங் பட்டறையில் காணும் அளவு மின்னோட்டம் அது. கேபிளின் தடிமன், ஃபியூஸின் வகை, பேட்டரிகளின் எண்ணிக்கை, செலவு ஆகிய அனைத்தும் இந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

இப்போது உங்கள் பேட்டரிகளைப் பார்ப்போம். குரூப் 27 ஒவ்வொன்றும் சுமார் 90 ஆம்பியர்-மணி என்று கொண்டால் இரண்டும் சேர்ந்து 180. இந்த எண் 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 9 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து எவ்வளவு வேகமாக எடுக்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் அது தரும்; 150 ஆம்பியர் வீதம் இழுத்தால் அந்த 180-இல் ஏறத்தாழப் பாதிதான் கையில் கிடைக்கும். அதிலும் முழுவதையும் காலி செய்தால் பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும் என்பதால் பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நடைமுறையில் நடப்பது இதுதான்: இரவெல்லாம் விளக்கும் அறையைச் சூடாக்கும் பர்னஸின் விசிறியும் ஓடிய பிறகு, குளிர்ந்த காலையில் மைக்ரோவேவின் பொத்தானை அழுத்துகிறீர்கள்; 12.3 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் உடனே 11-க்குக் கீழே இறங்குகிறது, இன்வெர்ட்டர் கீச்சென்று எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது, 10.5 வோல்ட்டைத் தொட்டதும் தன்னை அணைத்துக்கொள்கிறது. சுமை போனதும் பேட்டரி மீண்டும் 12 வோல்ட்டுக்கு ஏறி நின்று, தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுபோல் காட்டும். இந்த நிலையில் பலர் இன்வெர்ட்டரைப் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். 3000 வாட் வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே முதல் செலவு பேட்டரிக்குத்தான். 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 12.8 வோல்ட்டில் 1280 வாட்-மணி ஆற்றலைத் தரும். அதில் பெரும்பகுதியைப் பயமின்றிப் பயன்படுத்தலாம். பெரிய சுமை ஏறினாலும் மின்னழுத்தம் அதிகம் சரியாது. ஆனால் அதனுள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் சுற்றுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பலவற்றில் அது தொடர்ந்து 100 ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் பேட்டரி தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்படியானால் ஒரு பேட்டரியால் 1000 வாட் இன்வெர்ட்டரைத் தாங்க முடியும், இணையாக இணைத்த இரண்டால் 2000 வாட்டை, மூன்றால் 3000 வாட்டைத் தாங்க முடியும். இன்வெர்ட்டரின் அளவை உண்மையில் தீர்மானிப்பது இந்த பி.எம்.எஸ். எண்தான் என்பதைக் கடைக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை. 2000 வாட்டுக்கு மேல் உண்மையிலேயே தேவைப்படுபவர் 24 அல்லது 48 வோல்ட் அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் டிரெய்லரின் விளக்கு, தண்ணீர் பம்பு, அறையை வெளியே நீட்டும் ஸ்லைடு மோட்டார் எல்லாமே 12 வோல்ட்டில் ஓடுவதால் அந்த வழி உங்களுக்கு வீண் சிக்கல்.

அடுத்தது, ஒரே நேரத்தில் எவ்வளவு வாட் வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு வாட்-மணி வேண்டும் என்னும் இரண்டு தனித்தனிக் கணக்குகள். மைக்ரோவேவின் முன்புறம் 1000 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குள் செல்லும் திறன். பின்புறத் தகட்டைப் பாருங்கள், அது மின்சாரத்திலிருந்து இழுப்பது 1500 வாட் அளவில் இருக்கும். ரைஸ் குக்கர் 700, காபி மெஷின் 900, அமெரிக்காவில் விற்கும் 110 வோல்ட் மிக்ஸி 550 என்று வைத்துக்கொள்ளலாம். மைக்ரோவேவும் ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் 2200 வாட். ஒன்று முடிந்த பின் மற்றது என்று சமைத்தால் 1500-ஐத் தாண்டாது. இந்தச் சிறிய ஒழுங்கு ஒரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்துகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் சொருகப்பட்டிருக்கும் நேரமெல்லாம் சும்மாவே மின்சாரம் குடிக்கும், இயங்கத் தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டம் இன்வெர்ட்டரைத் தடுமாற வைக்கும்.

நாள் கணக்கு இப்படி வருகிறது. மைக்ரோவேவ் 12 நிமிடம் 300 வாட்-மணி, ரைஸ் குக்கர் அரை மணி நேரம் 350, காபி 10 நிமிடம் 150, மிக்ஸி 6 நிமிடம் 55, இரண்டு லேப்டாப் நான்கு மணி நேரம் 480, ஆக 1335. இன்வெர்ட்டரின் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 1500 வாட்-மணி போகும். இதில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது: இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருப்பதற்கே 10 முதல் 30 வாட் வரை எடுக்கும். 20 வாட் என்று கொண்டால் ஒரு நாளில் 480 வாட்-மணி, அதாவது உங்கள் லேப்டாப்கள் இரண்டும் சேர்ந்து எடுப்பதற்குச் சமம். பெரிய இன்வெர்ட்டருக்கு இந்தச் சும்மா செலவு பொதுவாக அதிகம் என்பது 3000 வாட்டுக்கு எதிரான இன்னொரு வாதம். ஆகவே கட்டிலிலிருந்து எழாமலே அணைக்கக்கூடிய ரிமோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளக்கு, பம்பு, ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றுக்கு ஒரு 400 வாட்-மணியையும் சேர்த்தால், இரண்டு லித்தியம் பேட்டரிகளின் 2560 வாட்-மணியில் ஒரு நாள் ஓடும், இரண்டாவது நாள் ஓடாது. கூரையில் 400 வாட் சோலார் பலகை இருந்தால் கோடையில் நல்ல வெயிலில் நாளுக்கு 1500 வாட்-மணி அளவில் திரும்பக் கிடைக்கும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். யோசமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஜெனரேட்டரை ஓட்டலாம். வேறு பல அரசு முகாம்களிலும் இதுபோன்ற நேரக் கட்டுப்பாடு உண்டு. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரியில் எவ்வளவு ஏற்ற முடிகிறது என்பதே கேள்வியாகிறது. உங்கள் டிரெய்லரில் ஏற்கெனவே இருக்கும், 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரியை ஏற்றும் கன்வெர்ட்டர் பெரும்பாலும் 55 ஆம்பியர் வகையாக, லெட் ஆசிட்டுக்கென அமைக்கப்பட்டதாக இருக்கும். லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்கு அது சரியாக ஏறாமல் போகலாம். அதனால்தான் தனி இன்வெர்ட்டரைவிட, 100 ஆம்பியர் வரை சார்ஜ் செய்யும் இன்வெர்ட்டர்-சார்ஜரை நான் பரிந்துரைக்கிறேன். அதில் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். 2000 வாட் என்று பெயர் போட்ட சிறிய ஜெனரேட்டர்கள் தொடர்ந்து தருவது 1600 முதல் 1800 வாட்தான், 100 ஆம்பியர் சார்ஜர் ஒன்றே 1600 வாட்டை இழுத்துவிடும்.

ஏசியைப் பற்றி ஒரு சொல். 13,500 பி.டி.யூ. குளிர்விக்கும் திறன் கொண்ட கூரை ஏசி ஓடும்போது 1300 முதல் 1500 வாட் எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சாஃப்ட் ஸ்டார்ட் கருவி பொருத்திக் கிளம்பும் வேகத்தை அடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆற்றலை எங்கே தேடுவது? 400 ஆம்பியர்-மணி லித்தியம் இருந்தாலும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி நின்றுவிடும். ஆகஸ்ட் மாத டெக்சஸ் வெயிலில் மூன்று மணி நேரம் எதற்குப் போதும்? ஏசி வேண்டிய நாட்களில் மின்னிணைப்புள்ள முகாமுக்குச் செல்லுங்கள்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். சீரற்ற, படிக்கட்டு போன்ற அலை தரும் மாடிஃபைட் சைன் வேவ் வகை மலிவு. லேப்டாப் அடாப்டரும் மிக்ஸியின் யுனிவர்சல் மோட்டாரும் அதைப் பெரும்பாலும் சகித்துக்கொள்ளும். ஆனால் மைக்ரோவேவ் அதில் உறுமிக்கொண்டு குறைந்த சூட்டில் ஓடும். டேபிள் டாப் கிரைண்டரில் இருப்பதுபோன்ற இண்டக்‌ஷன் மோட்டார் தேவைக்கு மேல் சூடாகும். தூக்கத்தில் மூச்சுக்குத் துணைசெய்யும் சீபேப் கருவிகள் சிலவற்றின் ஈரப்பதமூட்டி அதில் கெட்டுப்போகக்கூடும். பியூர் சைன் வேவ் வகையின் விலை இன்று முன்பு அளவுக்கு உயரத்தில் இல்லை. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் தொடர்திறன் எண்ணைப் படியுங்கள். சில மலிவான பெட்டிகளில் 4000 என்று போட்டிருப்பது ஒரு நொடிக்கும் குறைவான உச்சம். தொடர்ந்து தருவது 2000. நல்ல நிறுவனங்களிலும் கவனிக்க வேண்டியது உண்டு: விக்ட்ரான் மல்டிபிளஸ் 12/3000 என்பதில் 3000 என்பது வோல்ட்-ஆம்பியர், வாட்டில் அது 25 டிகிரி செல்சியஸில் 2400, 40 டிகிரியில் 2200. அவர்கள் இதைத் தங்கள் தரவுத்தாளில் நேர்மையாகவே அச்சிடுகிறார்கள். மூடிய சரக்கறையில் கோடைக்காலத்தில் 40 டிகிரி என்பது சாதாரணம் என்பதால் அந்த இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தவிர, யு.எல். 458 என்னும் தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வாகனங்களிலும் படகுகளிலும் பொருத்தும் இன்வெர்ட்டர், கன்வெர்ட்டர்களுக்கு உரிய தரம் அது. வீட்டுக்கான வேறு சான்று இதற்கு ஈடாகாது.

டிரெய்லரின் 120 வோல்ட் ஒயரிங்கோடு இன்வெர்ட்டரைச் சேர்க்கும் இடத்தில்தான் தவறுகள் உயிருக்கு ஆபத்தாகின்றன. இரண்டு பக்கமும் ஆண் பின் கொண்ட ஒயரைச் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து சுவரிலுள்ள சாக்கெட்டுக்கு மின்சாரத்தைப் பின்வழியாக ஏற்றும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். ஷோர் பவரும் இன்வெர்ட்டரும் ஒரே ஒயரில் சந்தித்தால் இன்வெர்ட்டர் அந்தக் கணமே எரியும், அதற்கு முன்பே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னை யாராவது தொட்டிருக்கலாம். இரண்டு மூலங்களும் எந்நேரத்திலும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதே டிரான்ஸ்ஃபர் ரிலேயின் வேலை. இன்வெர்ட்டர்-சார்ஜரில் அது உள்ளேயே இருக்கிறது. ஷோர் பவர் ஒயர் அதற்குள் நுழையும், அங்கிருந்து பிரேக்கர் பேனலுக்குச் செல்லும். வெளி மின்சாரம் இருக்கும்போது அது நேராகக் கடந்துபோகும், இல்லாதபோது இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும். ரிலேயின் தாங்குதிறன் 30 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

முழுப் பேனலையும் இப்படி இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைத்தால் மூன்று சுமைகளைக் கண்காணிக்க வேண்டும். முதலாவது பழைய கன்வெர்ட்டர். அதன் பிரேக்கரை அணைக்காவிட்டால், பேட்டரியிலிருந்து எடுத்த மின்சாரத்தை இன்வெர்ட்டர் 120 வோல்ட்டாக்க, அதைக் கன்வெர்ட்டர் மறுபடியும் 12 வோல்ட்டாக்கி அதே பேட்டரிக்கு ஊட்ட, ஒவ்வொரு சுற்றிலும் இருபது சதவீதம் வெப்பமாக வீணாகிக்கொண்டிருக்கும். புதிய சார்ஜர் வந்துவிட்டதால் பழையதை நிரந்தரமாகத் துண்டித்துவிடலாம். அதனோடு இருக்கும் 12 வோல்ட் ஃபியூஸ் பலகையை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள், விளக்குகளும் பம்பும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. இரண்டாவது, கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் ஃப்ரிட்ஜ். அது ஆட்டோ நிலையில் இருந்தால் 120 வோல்ட் வந்ததும் தானாகவே கேஸை விட்டு மின்சாரத்துக்குத் தாவி, 300 முதல் 400 வாட் இழுக்கத் தொடங்கும்; காலையில் பேட்டரி காலியாகியிருப்பதற்கு இதைவிட அடிக்கடி காணும் காரணம் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது, வாட்டர் ஹீட்டரின் 1400 வாட் சூடேற்றும் கம்பி. இவற்றையும் ஏசியையும் மறந்துபோய் ஓட்டும் கைகள் வீட்டில் இருக்கும் என்றால், மைக்ரோவேவ், சாக்கெட் சுற்றுகளை மட்டும் தனியாகச் சிறிய துணைப் பேனலுக்கு மாற்றி, அதற்கு மட்டும் இன்வெர்ட்டரை இணைப்பதே நிம்மதி. வேலை கூடுதல்தான், நான் அதையே விரும்புவேன்.

நியூட்ரலும் கிரவுண்டும் எங்கே இணைகின்றன என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். ஷோர் பவரில் இருக்கும்போது அந்த இணைப்பு முகாமின் மின்விநியோகப் பெட்டியில் இருக்கிறது; டிரெய்லருக்குள் இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய மின்விதிகளின் 551-ஆம் பிரிவு கேட்கிறது. உள்ளேயும் சேர்த்துவிட்டால் நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பகுதி டிரெய்லரின் உலோக உடல் வழியாகத் திரும்பும். வெளியே எங்கோ நியூட்ரல் அறுந்தால் ஈரத்தரையில் நின்று கதவின் கைப்பிடியைத் தொடுபவருக்கு அடி விழும். ஷோர் பவர் இல்லாமல் இன்வெர்ட்டர் ஓடும்போது நிலைமை தலைகீழ்: இப்போது மின்மூலம் இன்வெர்ட்டர்தான், ஆகவே இணைப்பு அதனிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஒயர் உடலில் பட்டாலும் பிரேக்கரைத் தட்டிவிடப் போதிய மின்னோட்டம் ஓடாது. ஆர்வி எனப்படும் இவ்வகை வண்டிகளுக்கென்று செய்யப்பட்ட நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜரில் இந்த இணைப்பைத் தேவையான நேரத்தில் போட்டு, ஷோர் பவர் வந்ததும் எடுத்துவிடும் ரிலே உள்ளேயே இருக்கும்.

வாங்கியதில் அது இருக்கிறதா என்பதை மல்டிமீட்டரே சொல்லும். ஷோர் பவரைக் கழற்றிவிட்டு இன்வெர்ட்டரை ஓட்டி, ஒரு சாக்கெட்டில் அளந்து பாருங்கள். ஹாட் எனப்படும் மின்சாரம் வரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 120, நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டிய அளவு என்று காட்டினால் இணைப்பு இருக்கிறது. இரண்டு இடத்திலும் 60, 60 என்று காட்டினால் அது இந்த இணைப்பே இல்லாத, மிதக்கும் வெளியீடு கொண்ட இன்வெர்ட்டர். அப்போது கையிலிருக்கும் ஒரு துண்டு ஒயரால் நியூட்ரலையும் கிரவுண்டையும் நீங்களே சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், இவ்வகை மலிவு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு முனைகளிலுமே மின்னழுத்தம் இருக்கும், அப்படிச் சேர்த்தால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெடித்துப் போகும். அந்தப் பெட்டியின் சாக்கெட்டில் நேரடியாக ஒரு கருவியைச் சொருகி ஓட்டலாம். டிரெய்லரின் ஒயரிங்குக்கு அது ஏற்றதன்று.

12 வோல்ட் பக்கத்தில் தூரமே எதிரி. 2/0 அளவுச் செம்புக் கேபிளுக்கு, அதாவது 67 சதுர மில்லிமீட்டர் தடிமனுக்கு, மீட்டருக்கு 0.26 மில்லிஓம் தடை உண்டு. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 3 மீட்டர். 200 ஆம்பியரில் 0.16 வோல்ட் இழப்பு, பரவாயில்லை. வசதியாக இருக்கிறது என்று 6 மீட்டர் தள்ளிப் பின்னறையில் வைத்தால் போகவர 12 மீட்டர், இழப்பு 0.62 வோல்ட்; 125 வாட் கேபிளிலேயே வெப்பமாகிறது. அதே 6 மீட்டரை 120 வோல்ட் பக்கத்தில், 12 கேஜ் சாதாரண ஒயரில், 17 ஆம்பியரோடு கடந்தால் இழப்பு ஏறத்தாழ 1 வோல்ட், அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, நீளமான ஓட்டத்தை 120 வோல்ட் ஒயரிடம் விட்டுவிடுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று உறுதிசெய்யுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பலவும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு, அதன் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான்.

பாசிட்டிவ் கேபிளில் பேட்டரிக்கு மிக அருகில், 18 அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போகாமல், ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளையே தவிர இன்வெர்ட்டரை அன்று. அதற்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள துண்டுக் கேபிள் எதனாலும் காக்கப்படாதது என்பதால்தான் இந்த நெருக்கம். 2000 வாட்டுக்கு 250 ஆம்பியர் என்பது பொதுவான அளவு, உங்கள் கையேட்டில் வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். வகை முக்கியம். லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் சில ஆயிரம் ஆம்பியர் பாயும். அந்த வேகத்தில் ஃபியூஸ் அறுந்த பிறகும் இடைவெளியில் தீப்பொறி வில்லாக நின்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்க முடியும். ஏ.என்.எல். வகை 6,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். கிளாஸ் டி (Class T) வகை 20,000 வரை துண்டிக்கும். விலை சில மடங்கு கூடினாலும் கிளாஸ் டி வாங்குங்கள். இன்வெர்ட்டரின் உலோகப் பெட்டியை டிரெய்லரின் சட்டத்தோடு இணைக்கும் கிரவுண்ட் ஒயரும் கையேடு சொல்லும் தடிமனில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் கேபிள் உள்ளே பெட்டியில் பட்டுவிட்டால் ஃபியூஸ் அறும்வரை அந்த மின்னோட்டம் முழுவதையும் சுமக்கப்போவது அந்த ஒயர்தான்.

கேபிளின் முனையில் நசுக்கி மாட்டும் லக் என்னும் உலோக வளையத்தைப் பொருத்துவதில் அவசரம் கூடாது. சுத்தியலால் தட்டி நசுக்கும் கருவி வேண்டாம். ஹைட்ராலிக் கிரிம்பர் ஒன்றை வாங்குங்கள் அல்லது கேபிளை லக்கோடு செய்து தரும் கடையில் நீளம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். போல்ட்டில் மாட்டும் வரிசையைக் கவனியுங்கள்: முனையின் செம்புப் பரப்பின் மேல் நேராக லக், அதன் மேல் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியாக நட். பலர் லக்குக்கு அடியில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷரைப் போட்டுவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கடத்துதிறன் செம்பில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த இடத்தில் ஒரே ஒரு மில்லிஓம் தடை சேர்ந்தாலும் 200 ஆம்பியரில் 40 வாட் வெப்பம், ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்கு, அந்த நாணய அகலத்தில் இறங்கும். பிளாஸ்டிக் முனைத்தளம் உருகுவது இப்படித்தான். எல்லா நெகட்டிவ் கேபிள்களும் பேட்டரி மானிட்டர் மின்னோட்டத்தை அளக்கப் பயன்படுத்தும் ஷண்ட் என்னும் துண்டுக்கு மறுபக்கத்திலிருந்தே கிளம்ப வேண்டும். ஒன்று தப்பினாலும் மானிட்டர் காட்டும் சதவீதம் பொய்யாகும். இரண்டு பேட்டரிகளையும் இணையாக இணைக்கும்போது பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றதிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும்.

இடம் என்று பார்த்தால், உங்கள் வகை டிரெய்லரில் முன்புறக் குறுக்குச் சரக்கறையின் சுவர் ஏற்றது. லித்தியம் பேட்டரிகளையும் வெளிச்சட்டத்திலிருந்து அங்கேயே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். உறைநிலைக்குக் கீழே அவற்றைச் சார்ஜ் செய்தால் செல்கள் நிரந்தரமாகக் கெடும். இன்வெர்ட்டரின் விசிறிப் பக்கங்களில் கையேடு கேட்கும் இடைவெளியை விட்டு, படுக்கை விரிப்புகளும் நாற்காலிகளும் அதன்மேல் சாயாதபடி ஒரு தடுப்பு வையுங்கள். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையிலோ, திறந்த வகை லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் அறையிலோ அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. ரிலே ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு பொறி உண்டு.

முதன்முறை இணைக்கும்போது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் காலி கபாசிட்டர்கள் ஒரே கணத்தில் நிரம்பப் பார்க்கும். பெரிய பொறி பறக்கும், பி.எம்.எஸ். ஷார்ட் என்று நினைத்துத் துண்டித்துக்கொள்ளவும் செய்யும். 25 முதல் 50 ஓம், 10 வாட் கொண்ட ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடிகள் இடையில் பிடித்து அவற்றை மெதுவாக நிரப்பிவிட்டு, பிறகு கேபிளை மாட்டுங்கள். அதன்பின் மைக்ரோவேவில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு லக் அல்லது ஃபியூஸ் பிடிப்பு சரியில்லை. இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொன்றையும் பார்த்தால் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது தன்னைக் காட்டிக்கொடுக்கும். முதல் பயணம் முடிந்து வந்ததும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். சாலை அதிர்வில் அவை தளர்வது இயல்பு.

வண்டி ஓடும்போது டிரக்கிலிருந்து பேட்டரி நிறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 7 பின் இணைப்பிலுள்ள மெல்லிய ஒயர் வழியாக 10, 15 ஆம்பியருக்கு மேல் வராது. லித்தியத்துக்கு மாறிய பிறகு, அந்த ஒயரில் வருவதை முறைப்படுத்தி அனுப்பும் சிறிய டிசி-டிசி சார்ஜர் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

கடைசியாக, 120 வோல்ட் வேலைக்கு எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது, வீட்டு வாசலில் டிரெய்லருக்கென்று ஒரு டிடி-30 (TT-30) என்னும் 30 ஆம்பியர் சாக்கெட்டையும் பொருத்தித் தரச் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அது 120 வோல்ட் சாக்கெட் என்பதை வாயால் சொல்லி, எழுதியும் கொடுங்கள். 30 ஆம்பியர் என்று கேட்டதும் பழக்கத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட்டை அதில் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். புதிய இன்வெர்ட்டர்-சார்ஜரும் மைக்ரோவேவும் சேர்ந்தே போய்விடும். அவர் கிளம்புவதற்கு முன், டிரெய்லரின் ஒயரைச் சொருகுவதற்கு முன், மல்டிமீட்டரை வைத்து நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.